தாத்தா பெயரில் பட்டா, அப்பாவுக்கு உயில் எழுத எண்ணம்: எதை முதலில் செய்வது?

கோத்தகிரி_மகள்

வணக்கம். கோத்தகிரி தாலுகாவில் எங்கள் ஹட்டியை (ஊரை) ஒட்டி 6 ஏக்கர் தேயிலை இருக்கிறது. தாத்தா சொந்தக் காசில் கிரயம் வாங்கிய நிலம், பத்திரம் அவர் பெயரில். அவர் 1998-ல் காலமானார், உயில் எதுவும் இல்லை. பாட்டி 2009-ல் தவறினார், அவரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகள் மூன்று பேர்: அப்பா, சித்தப்பா, அத்தை. தாத்தாவுக்குப் பிறகு அப்பாவும் சித்தப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாய்ப்பேச்சில் பாதிப்பாதி பிரித்து, ஆளுக்கு 3 ஏக்கர் பார்த்து வருகிறார்கள். அத்தைக்குப் பங்கு பேசவில்லை. பட்டா இன்றைக்கும் தாத்தா பெயரில்தான்.

அப்பாவுக்கு 74 வயது. அம்மா இருக்கிறார். பிள்ளைகள் நாங்கள் மூவர்: அண்ணன், நான், தம்பி. 3 ஏக்கர், ஹட்டி வீடு, வங்கி வைப்பு, கூட்டுறவு ஃபேக்டரி பங்கு எல்லாவற்றையும் சேர்த்து ஓர் உயில் எழுதிவிட வேண்டும் என்கிறார் அப்பா. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்காத உயில் செல்லாது என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா? பூர்வீகச் சொத்து என்பதால் அப்பா தன் விருப்பப்படி எழுத முடியாது என்று இன்னொருவர். எதிலிருந்து தொடங்குவது?

பத்திர_மேசை

உயிலுக்கு முன்னால் ஒரு கணக்குப் பார்க்கணும்ங்க. அப்பா கையில் இருப்பது 3 ஏக்கர். சட்டப்படி அவருக்குச் சொந்தம் 2 ஏக்கர்.

தாத்தா உயில் எழுதாமல் 1998-ல் தவறியதால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். பாட்டி, அப்பா, சித்தப்பா, அத்தை என்று நாலு பேர். ஆளுக்கு 1/4, அதாவது ஒன்றரை ஏக்கர். 2009-ல் பாட்டியின் அந்த 1/4 பங்கு 15-ஆம் பிரிவுப்படி மூன்று பிள்ளைகளுக்கும் 1/12 வீதம் இறங்கியது. 1/4-ஐயும் 1/12-ஐயும் கூட்டினால் 1/3. ஆக மூவருக்கும் தலா 2 ஏக்கர்.

அத்தையின் பங்கு 2005-ல் வந்த திருத்தத்தால் கிடைத்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்தத் திருத்தம் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்துக்கு. தாத்தாவின் சுயார்ஜிதத்தில் (சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில்) மகளுக்குச் சம பங்கு 1956 முதலே உண்டு. 1998-ல் தாத்தா கண் மூடிய நாளிலேயே அத்தை பங்குதாரர் ஆகிவிட்டார். கல்யாணம் ஆனதோ, இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததோ அதை அழிக்காது. ஒரு பங்காளி தனியாக அனுபவித்தால் அது மற்றப் பங்காளிகளுக்காகவும் அனுபவித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘உனக்குப் பங்கே இல்லை’ என்று அத்தைக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அதன் பிறகு 12 வருஷம் ஓடியிருந்தால்தான் வேறு பேச்சு.

அடுத்த விஷயம், அந்த 2 ஏக்கர் ‘மேல்பக்கம் இது, கீழ்ப்பக்கம் அது’ என்று பிரிந்து நிற்கவில்லை. 6 ஏக்கர் முழுக்கவும் பரவிக் கிடக்கும் பிரிபடாத பங்கு அது. அப்பா 3 ஏக்கருக்கு நான்கு எல்லை போட்டு உயில் எழுதினால் சார்பதிவாளர் பதிந்துவிடுவார், ஏனென்றால் உயில் பதியும்போது சொத்து யாருடையது என்று அவர் விசாரிப்பதில்லை. பின்னால் அத்தை வழக்குப் போட்டால் அந்த எல்லைகள் நிற்காது. பதிவான உயில் கையில் இருக்கும், நிலம் இருக்காது. இதனால்தான் முதலில் பாத்தியத்தைச் சரிசெய்யச் சொல்கிறேன்.

அதற்கு நேரான வழி, அத்தை தன் 1/3 பங்கை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. அதன் பிறகு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்குப் பாதி. பிறகு இருவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொண்டால் இப்போது அனுபவிக்கும் அதே 3 ஏக்கர் சட்டப்படி நிற்கும். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் ஏற்றிய விகிதம் இது, அதற்கு முன் 25,000-மும் 4,000-மும். பாகப்பிரிவினைக்கும் இதே விகிதம், ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக. பதியும் வாரத்தில் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தைக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் வங்கி வழியாகக் கொடுத்து, பரிமாற்ற எண்ணைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ‘அன்பினால் விட்டுக்கொடுத்தேன்’ என்று எழுதிவிட்டுக் கையில் பணம் கொடுப்பது இரண்டு பக்கத்துக்கும் கெடுதல்.

இதையெல்லாம் இப்போதே ஏன் என்றால், இப்போது மூன்று கையெழுத்துப் போதும். அத்தை தவறினால் அவர் இடத்தில் அவர் வாரிசுகள் எல்லோரும் வரணும். அப்பா உயில் இல்லாமல் தவறினால் அவருடைய 2 ஏக்கர் அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் 50 சென்ட் வீதம் சிதறி, அந்த இடத்தில் மட்டும் நாலு கையெழுத்து. அதில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம், தூதரகச் சான்று என்று நீளும்.

ஊட்டி_வக்கீல்

பத்திர_மேசை சொன்ன கணக்குச் சரி. உயில் பற்றிய மூன்று கேள்விக்கும் நான் சொல்கிறேன்.

பூர்வீகம் என்ற கேள்வி. தாத்தா வாங்கிய நிலம் 8-ஆம் பிரிவில் அப்பாவுக்கு வந்தால் அது அப்பாவின் தனிச் சொத்து. அதில் அண்ணனுக்கோ தம்பிக்கோ உங்களுக்கோ பிறப்பால் பங்கு இல்லை. 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ‘தாத்தா சொத்து பேரனுக்கு’ என்ற பேச்சு இங்கே பொருந்தாது. தன் பங்கை அப்பா யாருக்கு வேண்டுமானாலும், எந்த அளவில் வேண்டுமானாலும் எழுதலாம்.

புரொபேட். இந்துக்களின் உயிலுக்கு அது கட்டாயம் என்று முன்பு இருந்த விதி, சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் நேரடி உரிமையியல் எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்குள்ள அசையாச் சொத்துக்கும் ஏற்பட்டது. கோத்தகிரியில் எழுதி, கோத்தகிரி நிலத்தைப் பற்றிய உயிலுக்கு அது பொருந்தியதே இல்லை. வேண்டுமென்றால் ஊட்டியிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்கலாம். வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும், பத்திரிகையில் விளம்பரம் வரும், ஒருவர் எதிர்த்தால் முழு வழக்காக மாறும். எல்லோரும் ஒத்துப்போகும் குடும்பத்துக்கு அந்தச் செலவும் காலமும் தேவையில்லை. சண்டை நிச்சயம் என்று தெரிந்தால் மட்டும் யோசியுங்கள்.

பதிவு. கட்டாயமில்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். ஆனாலும் பதியச் சொல்வேன், காரணம் அசல் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். அப்பாவால் நடக்க முடியாவிட்டால் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியவும் சட்டத்தில் இடம் உண்டு. இதில் ஒன்றைக் கவனிக்கணும்: பதிந்த உயிலுக்குப் பிறகு பதியாத உயில் ஒன்றை அப்பா முறைப்படி எழுதினால், பிந்தியதுதான் செல்லும். மாற்றம் செய்தால் அதையும் பதிந்துவிடுங்கள்.

உயில் விழுவது பெரும்பாலும் சாட்சியில். எழுதுபவர் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகள் பார்க்கணும், அவர் முன்னிலையில் அவர்களும் கையெழுத்துப் போடணும். பிற்பாடு வழக்கு வந்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடிருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க முடியும். பாரதிய சாட்சிய அதினியம் 67-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தில் 68. பதிவு செய்த உயிலுக்கும் இதே கதி. அதனால் அப்பா வயதுக்காரர்களைச் சாட்சி வைக்காதீர்கள். 40, 45 வயதில், ஊரில் நிலையாக இருப்பவர்கள் நல்லது. ஒருவர் அப்பாவைப் பார்க்கும் மருத்துவராக இருந்தால் இன்னும் பலம். உயிலில் பங்கு பெறுபவரோ அவர் மனைவி, கணவரோ சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 67-ஆம் பிரிவுப்படி அந்தச் சாட்சிக்கு எழுதியதே செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு அதுவே முதல் காரணமாகும்.

சந்தேகம் என்றால் நீதிமன்றம் பார்ப்பது இவை: அதிகப் பங்கு பெறுபவரே முன்னின்று எழுதவைத்தாரா, கையெழுத்து நடுங்குகிறதா, ஒரு பிள்ளையைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கியிருக்கிறதா. ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தால் ஏன் என்று இரண்டு வரி அப்பாவின் சொல்லிலேயே எழுதுங்கள். ‘மகள் கல்யாணத்துக்கு இன்ன ஆண்டு இவ்வளவு செய்தேன்’ என்ற அளவு போதும். வசைச்சொல் வேண்டாம்.

கோத்தகிரி_மகள்

மிக்க நன்றி. அத்தையிடம் பேசினோம். கையெழுத்துப் போட மறுப்பில்லை, ஒரு தொகை எதிர்பார்க்கிறார், அது நியாயம்தான். அப்பாவின் பயம் வேறு: தனக்குப் பிறகு அம்மா யாரையும் கேட்டு நிற்கக் கூடாது. உயிலுக்குப் பதிலாக இப்போதே தான செட்டில்மென்ட் எழுதிவிடலாமா? அம்மாவுக்கு ஆயுள் வரை அனுபவம், பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதுவது சரியா?

குன்னூர்_அண்ணன்

தங்கச்சி, செட்டில்மென்ட் எழுதிய அன்றைக்கே சொத்துக் கைமாறிவிடும். உயிலை அப்பா எத்தனை முறையும் மாற்றலாம், செட்டில்மென்ட்டை அப்படித் திரும்பப் பெற முடியாது. 74 வயதில் வருமானம் தரும் ஒரே நிலத்தை முழுவதும் எழுதிக் கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன். செலவு ஒரு பெரிய காரணமில்லை: குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டுக்கும் அதே 40,000, 10,000 உச்சவரம்புதான். காரணம் அப்பாவின் பிடிமானம்.

அப்படியும் எழுதுவதாக இருந்தால் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்: ‘என்னையும் என் மனைவியையும் ஆயுள் வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் கொடுத்துக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்’ என்று. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் தீர்ப்பாயம் பத்திரத்தை ரத்து செய்ய அந்த வரிதான் பிடி. ‘அன்பும் பாசமும் காரணமாக’ என்று மட்டும் எழுதிய பத்திரங்கள் அங்கே தடுமாறுகின்றன. அந்த மனு வருவாய்க் கோட்டாட்சியரிடம் போகும்.

ஊட்டி_வக்கீல்

அம்மாவுக்கு ஆயுள் அனுபவம் பற்றி. நல்ல எண்ணத்தில் எழுதுகிற இந்த வரிதான் அதிக வழக்கைக் கொண்டுவருகிறது. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்தது என்று ஆனால், 1956 சட்டத்தின் 14-ஆம் பிரிவு முதல் உட்பிரிவு அதை முழு உரிமையாக மாற்றிவிடும். உயிலில் கட்டுப்பாட்டோடு கொடுத்தது என்றால் இரண்டாம் உட்பிரிவில் அந்தக் கட்டுப்பாடு நிற்கும். தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. என் யோசனை: ஒரு பகுதியை, உதாரணமாக வீட்டையும் ஓர் ஏக்கரையும், அம்மாவுக்கு முழு உரிமையாகவே எழுதுங்கள். அம்மா பிறகு தன் உயிலை எழுதிக்கொள்வார். மீதி 2 ஏக்கரைப் பிள்ளைகளுக்குப் பிரித்து, வங்கி வைப்பை அம்மா பெயருக்குக் கொடுத்தால் யாரையும் கேட்டு நிற்க வேண்டிய நிலை வராது.

வைப்புக்கு அம்மாவை நாமினியாகப் போட்டுவிட்டோம், அது போதும் என்று நினைக்க வேண்டாம். நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர், உரிமையாளர் அல்ல. காப்பீட்டுக்கு, 2015 திருத்தத்துக்கு முன்பிருந்த சட்டத்தின்படி, 1984-ல் சர்பதி தேவி வழக்கிலும், கம்பெனிப் பங்குக்கு 2023-லும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. நாமினியும் உயிலும் ஒரே ஆளைக் காட்டணும். நாமினியும் இல்லை, உயிலும் இல்லை என்றால் வங்கி வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கலாம். அது நீதிமன்றம் தருவது, கடனுக்கும் பங்குக்கும் மட்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வேறு. இரண்டையும் குழப்பி மாதக்கணக்கில் அலைபவர்கள் ஏராளம்.

உயிலின் கடைசியில் ‘மேலே சொல்லாத, இனி எனக்குச் சேரும் எல்லாச் சொத்தும் இன்னாருக்கு’ என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். கூட்டுறவு ஃபேக்டரிப் பங்கு, வர வேண்டிய இலைப் பணம், மறந்துபோன சேமிப்புக் கணக்கு எல்லாம் அதில் அடங்கும். பிள்ளைகளில் ஒருவர் அப்பாவுக்கு முன்னால் தவறினால் அந்தப் பங்கு யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

பந்தலூர்_நண்பர்

நடுவில் ஒரு கேள்வி. கூடலூர், பந்தலூர் தாலுகாவில் 17-ஆம் பிரிவு நிலத்தில் இருப்பவர்கள் உயில் எழுதினால் செல்லுமா?

ஊட்டி_வக்கீல்

உயில் எழுதலாம் சார், ஆனால் கையில் என்ன உரிமை இருக்கிறதோ அதுதான் இறங்கும். 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலத்துக்குப் பட்டா இல்லை. உயில் அதை உருவாக்கவும் முடியாது. ‘என் அனுபவத்தில் உள்ள நிலத்தில் எனக்கு இருக்கும், இனி கிடைக்கும் உரிமைகள்’ என்று எழுதுங்கள், ‘எனக்குச் சொந்தமான’ என்று எழுத வேண்டாம். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் அட்டை எல்லாம் அனுபவத்துக்குச் சான்று, உரிமைக்கு அல்ல. அவற்றைத் தேதி வரிசையில் பத்திரப்படுத்தி, வாரிசு பெயருக்கு மாற்றிக்கொண்டு வருவதுதான் இப்போதைக்குச் செய்யக்கூடியது.

இன்னொன்று: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகளுக்கு மேலே சொன்ன 1956 சட்டமே பொருந்தாது, 2-ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு. அவர்கள் வழக்காறு தனி. படிப்பவர்கள் இந்தக் கணக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

நில_அளவை_மலை

பட்டா பக்கம் நான் சொல்கிறேன். வரிசை முக்கியம்: விடுதலை, பாகப்பிரிவினை, உட்பிரிவு, புதுப் பட்டா, அதன் பிறகே உயில். ஏன் என்றால் உட்பிரிவு ஆனதும் புல எண் மாறும். இன்று 214 என்று இருப்பது நாளை 214/1, 214/2 ஆகும். பழைய எண்ணைப் போட்டு எழுதிய உயிலைக் கொண்டுபோனால், ‘இந்த எண்ணில் இப்போது நிலம் இல்லையே’ என்று கேள்வி வரும். அவசரம் என்றால், அப்பா உடல்நிலை சரியில்லை என்றால், ‘6 ஏக்கரில் எனக்குப் பாத்தியப்பட்ட பிரிபடாத பங்கும், இனி எனக்குச் சேருவதும்’ என்று ஓர் உயிலை இன்றே எழுதி வைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். பட்டா வந்ததும் புதிதாக எழுதலாம்.

முதலில் தாத்தா, பாட்டி இருவருக்கும் தனித்தனி இறப்புச் சான்று, தனித்தனி வாரிசுச் சான்று. தாத்தாவுடையதில் பாட்டி பெயரும் அத்தை பெயரும் இருக்கணும். தாத்தாவின் கிரயப் பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவகத்தில் நகல் எடுங்கள், வில்லங்கச் சான்றைப் பத்திரம் பதிந்த ஆண்டிலிருந்தே போடுங்கள். மிகப் பழைய காலத்துக்குக் கைமுறையாக எழுதிப்போட்டு வாங்க வேண்டியிருக்கும். தாத்தா கூட்டுறவில் நிலத்தை அடமானம் வைத்திருந்தால் அதில் தெரியும்.

பெயர் விஷயம் இந்தப் பக்கத்தில் பெரிய தலைவலி. பத்திரத்தில் ஹட்டிப் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இரண்டு இனிஷியல், ஆதாரில் ஒன்று, பட்டாவில் இனிஷியலே இல்லை. பாகப்பிரிவினையிலும் உயிலிலும் ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று மூன்று வடிவத்தையும் எழுதிவிட்டால் பின்னால் ‘இவர்தான் அவர்’ என்று சான்று தேடி அலைய வேண்டாம்.

அளவு: பத்திரம் ஏக்கர் சென்டில், பட்டா ஹெக்டேர் ஏரில். 6 ஏக்கர் என்பது சுமார் 2.43 ஹெக்டேர், 3 ஏக்கர் 1.21. இரண்டையும் எழுதுங்கள். பத்திரத்தில் 6 ஏக்கர் இருந்து பட்டாவில் 5.80 வந்தால், பிரிப்பதற்கு முன்பே அளந்து யார் பக்கம் குறைகிறது என்று பேசி முடியுங்கள்.

சரிவில் பிரிக்கும்போது பரப்பு சமமாக இருந்தால் போதாது. ரோட்டை ஒட்டிய மேல்துண்டுக்கு வண்டி வரும், கீழ்த்துண்டில் பறித்த இலையைத் தலையில் தூக்கித்தான் வரணும். கீழே இருப்பவருக்கு மேல்துண்டு வழியாகப் பாதை, எத்தனை அடி அகலம், எந்த எல்லை ஓரமாக என்று பத்திரத்தில் எழுதி, வரைபடத்திலும் காட்டுங்கள். ஊற்றிலிருந்து வரும் குழாய் யார் நிலத்தில் போகிறது, பழுது பார்க்க உள்ளே வரலாமா என்பதையும். சில்வர் ஓக் மரம் நிலத்தோடு போகும். எல்லையில் நிற்கும் மரத்துக்குத் தனியாக ஒரு வரி எழுதாவிட்டால் அதுவே சண்டை.

ஹட்டி வீடு பெரும்பாலும் நத்தம் (ஊர்க் குடியிருப்பு) நிலத்தில், வரிசை வீடாக இருக்கும். அதற்கு நத்தம் பட்டா தனி, தேயிலைப் பட்டாவோடு சேராது. வீட்டு வரி எண், மின் இணைப்பு எண், இரண்டு பக்கத்துப் பொதுச்சுவர் எல்லாவற்றையும் உயிலில் குறிப்பிடுங்கள். பிறந்த வீட்டில் மகள் பாகம் கேட்க முடியாது என்ற, 1956 சட்டத்தின் 23-ஆம் பிரிவு 2005-ல் போய்விட்டது. தாத்தா காலத்து வீடு என்றால் அத்தையின் விடுதலைப் பத்திரத்தில் தேயிலையோடு வீட்டையும் சேர்க்க மறக்காதீர்கள். இதை விட்டுவிட்டு இரண்டாவது முறை பதியப் போகிறவர்கள் நிறைய.

கோத்தகிரி_மகள்

வீடும் தாத்தா கட்டியதுதான். அதை யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணா. கடைசியாக ஒன்று: உயிலைப் பதிந்தால் வில்லங்கத்தில் தெரிந்து, அண்ணனும் தம்பியும் இப்போதே பார்த்துவிடுவார்களா? அப்பா அதை விரும்பவில்லை.

பத்திர_மேசை

தெரியாதும்மா. உயில் 3-ஆம் புத்தகத்தில் ஏறும், வில்லங்கச் சான்று அதைக் காட்டாது. அப்பா இருக்கும்வரை நகல் அவருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும் மட்டும். அவருக்குப் பிறகு இறப்புச் சான்றோடு யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். பதியவே வேண்டாம், உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியக் கூடாது என்றால், உயிலை உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழியும் உண்டு, பதிவுச் சட்டம் 42-ஆம் பிரிவு. எதைச் செய்தாலும், பதிவு எண், ஆண்டு, எந்த அலுவலகம் என்று ஒரு சீட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். உயில் இருப்பதே தெரியாமல் வாரிசுச் சான்றை வைத்துக் கூட்டுப்பட்டா வாங்கிவிட்டால், அதைத் திருத்தக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போட வேண்டிவரும்.